ஐம்பத்திரண்டு டெசிபல்

என்னை வீட்டில் தனியாக விடுவது ஆபத்து என்று அக்கா முடிவு செய்தாள். அதனால் மனிதர்களைத் தலைகீழாகத் தொங்கவிடும் இருபத்தேழு இயந்திரங்கள் உள்ள ஓர் இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள்.

மாமாவின் ஆபீசில் கொடுத்த மூன்று தீம் பார்க் டிக்கெட்டுகள் எட்டு மாதமாக மேசை டிராயரில் கிடந்தன. அன்றுதான் கடைசி நாள். மாமா என்பது அக்கா புருஷன். தொழிற்சாலைகளில் சத்தம் அளக்கும் இன்ஸ்பெக்டர். எந்த மெஷின் எவ்வளவு இரைகிறது, அதன் பக்கத்தில் நிற்பவன் காது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்வது அவர் வேலை. எதுவும் வீணாகப் போனால் அவருக்குப் பொறுக்காது. தேதி முடியப்போகும் இருமல் மருந்தை, இருமல் இல்லாமலே குடித்துத் தீர்ப்பார்.

எனக்கு வலிப்பு நோய். கடைசியாக வந்து அன்றைக்கு முந்நூற்று முப்பத்தொன்றாவது நாள். தொடர்ந்து ஒரு வருஷம் வராமலிருந்தால் டாக்டர் சான்றிதழ் தருவார். சான்றிதழ் இருந்தால் டிரைவிங் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். லைசென்ஸ் இருந்தால் வீடுவீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை காத்திருக்கிறது. பகல் வேலை, கம்பெனி கார். அந்த வேலை கிடைத்தால், அக்கா வீட்டில் வாஷிங் மெஷினுக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவில் போட்டிருக்கும் கட்டிலிலிருந்து எழுந்து போகலாம். இடையில் ஒரு தடவை வந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இன்னும் முப்பத்துநான்கு நாள்.

அக்கா வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு பெரிய கட்டடத்தின் கேமரா அறையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். இருபத்துநான்கு திரைகளில் காலியான கார் பார்க்கிங். நான்கு வருஷத்தில் அந்தத் திரைகளுக்கு முன்னால் நடந்த ஒரே சம்பவம் எனக்கு வந்த வலிப்புதான். அதையும் அறையிலிருந்த கேமரா பிடித்துவிட்டது. சூப்பர்வைசர் எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. "இந்த நேரத்துல நீ தூங்கலன்னு தெளிவா தெரியுது," என்றார். அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு அது. அடுத்த வாரம் நானே நின்றுகொண்டேன். தூக்கம் கெட்டால் எனக்கு வரும். ராத்திரி வேலையில் கெடுவதற்குத் தூக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று மூன்றே முக்காலுக்கு அக்கா என்னை எழுப்பினாள்.

"எழுந்திருடா. குளிச்சிட்டு கிளம்பணும்."

"ஏழு மணிக்கு எழுப்பு."

"ஏழு மணிக்கா? அதுக்குள்ள க்யூ ரோட்டுக்கு வந்துடும்."

"க்யூவுக்கு வலிப்பு வராது. எனக்கு வரும்."

ஏழு மணி வரைக்கும் தூங்கினேன். எழுந்து வந்தபோது மாமா ஷூ போட்டபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார். மூன்றே முக்காலிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை படுத்தால் சட்டை கசங்கிவிடும் என்று படுக்கவில்லை. அவர் மடியில் ஆபீஸ் பை. பைக்குள் சத்தம் அளக்கும் மீட்டர்.

"அது எதுக்கு மாமா?"

"உனக்காகத்தான் மாப்ளே," என்றார். கண் சிவந்திருந்தது.

பார்க்கில் எதில் ஏறலாம் என்று முந்தைய வாரம் டாக்டரிடம் நான் கேட்டு வந்திருந்தேன். ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தார். ஒன்று, முந்தைய ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாயா, மாத்திரை வேளைக்குப் போட்டாயா. இரண்டு, ஓடும்போது நினைவு தப்பினால் பெல்ட் உன்னைப் பிடித்துக்கொள்ளுமா, யாராவது உடனே உன்னிடம் வர முடியுமா. மூன்று, விட்டு விட்டு மின்னும் வெளிச்சம் உண்டா. மூன்றாவது எனக்கு முக்கியம். வலிப்பு உள்ள நூறு பேரில் மூன்று நாலு பேருக்குத்தான் வெளிச்சம் ஆகாதாம். தலையில் ஒயர் ஒட்டி, கண்ணுக்கு நேராக லைட்டை மின்னவிட்டுப் பார்த்தார்கள். அந்த மூன்று நாலு பேரில் நான் இருந்தேன். வேறு எந்தப் பரீட்சையிலும் நான் அவ்வளவு முன்னால் வந்ததில்லை.

அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் பதினோரு வருஷமாக ரிசப்ஷனில் இருக்கிறாள். உடம்பின் மீதிப் பாகங்களும் அதற்குள் வந்துவிடும் என்பது அவள் எண்ணம்.

"சின்னப் பையன் அந்த டாக்டர். மீசையே சரியா வரல. அதிர்ச்சின்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கானா பாரு. வலிப்புக்கு அதிர்ச்சிதாண்டா எதிரி."

"அதிர்ச்சிய எப்படி அளக்கறது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அளப்பதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தார்.

மாமாவின் வழி எளிது. எந்த விளையாட்டில் ஆட்கள் அதிகமாகக் கத்துகிறார்களோ அதில் அதிர்ச்சி அதிகம். பத்து மீட்டர் தள்ளி மீட்டரின் ஸ்டாண்டை நிறுத்தி, மூன்று சுற்று அளந்து, நடுவில் வருவதை எழுதிக்கொள்ள வேண்டும். அவர் ஆபீஸ் விதி அது. காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரைக்கும் நாங்கள் எதிலும் ஏறவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கத்தலை அளந்தோம். ரோலர் கோஸ்டர் நூற்று இரண்டு டெசிபல். ஊஞ்சல் கப்பல் தொண்ணூற்றெட்டு. சுழலும் கோப்பைகள் எண்பத்தொன்று. எங்களைப் பார்த்து ஒரு குடும்பம், பார்க் இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்து, கோப்பையிலிருந்து இறங்கிப் போய்விட்டது.

பார்க்கைச் சுற்றி வரும் குட்டி ரயிலை நான் காட்டினேன். தரையில் போகிறது. நடக்கிற வேகம். திறந்த பெட்டி, வெயில் வெளிச்சம், ஒவ்வொரு பெட்டியிலும் பெல்ட். டாக்டரின் மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருந்தது.

மாமா அளந்தார். சரியாக அப்போது ரயில் விசில் ஊதியது.

"எண்பத்தெட்டு," என்றார். "வேண்டாம் மாப்ளே."

"அது விசில் மாமா."

"சத்தத்துக்கு ஜாதகம் பாக்க முடியாது. மீட்டர் சொல்றதுதான்."

"கோப்பையவிட ரயில் மோசம்கறீங்களா?"

"நான் சொல்லல. மீட்டர் சொல்லுது."

கடைசியில் ஜெயித்தது நட்சத்திரக் குகை. ஒரு செயற்கைப் பாறைக்குள் படகு மெதுவாகப் போய் மறுபக்கம் வரும். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐம்பத்திரண்டு டெசிபல். அதிலும் பாதி, தண்ணீர் இறைக்கும் மோட்டார்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெண்ணிடம், உள்ளே மின்னும் லைட் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"நான் உள்ள போனதே இல்ல சார். ரெண்டு வருஷமா இந்த ஸ்டூல்லதான். போர்டு பாருங்க, எல்லாம் அதுல போட்டிருக்கு."

போர்டைப் பார்த்தேன். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், கழுத்து வலி உள்ளவர்கள், மூன்றடிக்குக் கீழே உயரம் உள்ளவர்கள் என்று நாலு வரி. அதற்குக் கீழே மாமாவின் ஆபீஸ் பை தொங்கியது. ஸ்டாண்டை நிறுத்தக் கை வேண்டுமென்று போர்டின் மூலையில் மாட்டியிருந்தார். பைக்குப் பின்னால் இன்னும் போர்டு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு வருஷம் இருபத்துநான்கு திரைகளைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

படகில் மூன்று பேர். நான் நடுவில். மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மீட்டரை மடியில் வைத்திருந்தார். உள்ளே எவ்வளவு அமைதி என்று பதிவு செய்ய ஆசை. அக்கா கைப்பையைத் திறந்து ஒரு ஸ்பூனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். எவர்சில்வர் ஸ்பூன். எனக்கு வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவில் வைப்பதற்கு. அப்படி வைக்கவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். போன தடவைக்கு முந்தின தடவை அந்த ஸ்பூன்தான் என் முன்பல்லில் ஒரு மூலையை உடைத்தது. அக்காவின் பல் டாக்டரே அடைத்துக் கொடுத்தார். அவளுக்கு அதில் இரண்டு பேரிடமும் நன்றி உண்டு, ஸ்பூனிடமும் டாக்டரிடமும்.

இருட்டு. கூரையில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், அசையாமல். படகு ஒரு வளைவில் திரும்பியது. அங்கே புயல் வைத்திருந்தார்கள்.

வெள்ளை வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. முதல் மின்னலுக்கே நான் வலது உள்ளங்கையை வலது கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்தேன். இரண்டு கண்ணையும் மூடினால் போதாது. இமை வழியாக வெளிச்சம் இறங்கும். ஒரு கண்ணை முழுசாகப் பொத்திவிட்டால் பாதி ஆபத்துப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு கண்ணைப் படகின் தரையில் வைத்துக்கொண்டு, சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். எனக்கு வலிப்பு இடது கட்டைவிரலில் தொடங்கும். விரல் துடிக்கும், பிறகு வார்த்தை போகும், பிறகு நான் போவேன். எண்ணிக்கை ஓடும்வரை நான் இருக்கிறேன்.

ஒன்று, இரண்டு, மூன்று.

அக்கா நான் குனிந்ததைப் பார்த்தாள். கத்தினாள். பின்னால் வந்த படகிலிருந்தவர்கள், முன்னால் என்னவோ நடக்கிறது என்று அவர்களும் கத்தினார்கள். இருபத்திரண்டு வரைக்கும் எண்ணியபோது அக்கா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி ஸ்பூனை உள்ளே விட்டாள். கையைக் கண்ணிலிருந்து எடுக்காமல் தலையைத் திருப்பி, நாக்கால் ஸ்பூனைத் தள்ளித் துப்பினேன். இருபத்தாறு, இருபத்தேழு. கட்டைவிரலைப் பார்த்தேன். அது சும்மா இருந்தது. நாற்பத்தொன்றில் புயல் ஓய்ந்தது. படகு வெயிலுக்கு வந்தது.

"தம்பிக்கு வலிப்பு. யாராவது வாங்களேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"வந்துட்டுப் போயிடுச்சு. உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு எந்தத் தடவை தெரிஞ்சிருக்கு?"

இந்த நோயில் அதுதான் தொல்லை. என் வலிப்பைப் பார்க்காத ஒரே ஆள் நான்.

டிக்கெட் கிழிக்கும் பெண் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள். நடந்தே வருகிறேன் என்றேன். உட்காராவிட்டால் தங்கள் மேல் புகார் எழுதிவிடுவார்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். போகிற வழியில் போர்டைப் பார்த்தேன். பை இல்லாத இடத்தில் ஐந்தாவது வரி இருந்தது. "மின்னும் வெளிச்சம் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்கள் தவிர்க்கவும்." சிவப்பு எழுத்து. எழுத்தும் மற்றதைவிடப் பெரிசு.

மாமாவும் பார்த்தார். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நர்ஸ். அவள் முன்னால் ஒரு படிவம்.

"என்ன நடந்துச்சு?"

"வலிப்பு," என்றாள் அக்கா. "ஒரு நிமிஷம் இருக்கும். கண்ணு சொருகிடுச்சு. பேச்சு இல்ல. நான்தான் ஸ்பூன் வெச்சேன்."

நர்ஸ் எழுதிக்கொண்டே போனாள். தலைகீழாகப் படித்தேன். நேரில் பார்த்த சாட்சி: சகோதரி. வலிப்பு: ஆம்.

"வலிப்பு வரல," என்றேன். "மின்னல் லைட் அடிச்சுது. கண்ணப் பொத்திக்கிட்டு எண்ணிட்டிருந்தேன்."

"எண்ணவே இல்ல," என்றாள் அக்கா.

"நீ கத்தின கத்துல உனக்கு எப்படிக் கேக்கும்?"

"அவன் அப்படித்தாம்மா சொல்லுவான். லைசென்ஸ் வேணும் அவனுக்கு."

நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். "சார், வலிப்பு விஷயத்துல நீங்க சொல்றத எழுத முடியாது. பார்த்தவங்க சொல்றதத்தான் எழுதணும். ஒரு காப்பி உங்க டாக்டருக்குப் போகும்."

டாக்டரின் பெயரையும் நம்பரையும் அக்கா ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தாள். அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால் முந்நூற்று முப்பத்தொன்று பூஜ்யமாகிவிடும். டாக்டர் நல்லவர். ஆனால் அவரும் பார்த்தவர்களைத்தான் கேட்பார். நானாயிருந்தாலும் அப்படித்தான் கேட்பேன்.

மாமாவைப் பார்த்தேன். அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா. அது உள்ள ஓடிட்டிருந்துச்சா?"

"எது?"

"மீட்டர். அளவு மட்டுமா, சத்தத்தையும் பதியுமா?"

"சத்தமும் பதியும். கோர்ட்டுக்குப் போனா வேணும்ல." பிறகுதான் நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்தது. "மாப்ளே, இது ஆபீஸ் மெஷின். சொந்த விஷயத்துக்குப் போடக் கூடாது."

"காலையிலேர்ந்து என்ன ஆபீஸ் வேலையா பாத்தீங்க?"

அக்கா எழுந்தாள். "என் குரலையெல்லாம் இங்க போடாதீங்க, சொல்லிட்டேன்."

மாமா பையைப் பார்த்தார். அந்தப் பை இரண்டு அங்குலம் தள்ளித் தொங்கியிருந்தால் இந்த அறைக்கு நாங்கள் வந்திருக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். பட்டனை அழுத்தினார்.

முதலில் தண்ணீர் மோட்டார். பிறகு அக்கா. நர்ஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். வராந்தாவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நூத்தி நாலு," என்றார் மாமா, திரையைப் பார்த்து. அவர் குரலில் மரியாதை இருந்தது. "ரோலர் கோஸ்டர் நூத்தி ரெண்டுதான்."

கத்தலுக்கு அடியில் என் குரல். சீராக, ஓட்டல் சர்வர் இட்லி எண்ணுவதுபோல. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. அப்புறம் ஏதோ உலோகம் பல்லில் படும் சத்தம். ஒரு குமட்டல். இருபத்தாறு, இருபத்தேழு. நாற்பத்தொன்று வரை.

நர்ஸ் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இருபத்தி மூணு, நாலு, அஞ்சு இல்லையே," என்றாள் நர்ஸ். "அந்த மூணு விநாடி என்ன ஆச்சு?"

"வாயில ஸ்பூன் இருந்துச்சு."

"அதுக்கு யாரு சாட்சி?"

நியாயமான கேள்வி. மூன்று விநாடியில் ஒரு வருஷம் போகலாம். அப்போது டிக்கெட் கிழிக்கும் பெண் கதவைத் தட்டினாள். கையில் ஓர் உறை. "சார், உங்க போட்டோ. புயல்கிட்ட தானா எடுக்கும். நீங்க வாங்காமலே வந்துட்டீங்க."

நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மேசையில் எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். படத்தில் மாமா மடியிலிருந்த மீட்டரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். நான் வலது கண்ணைப் பொத்தியபடி, இடது கண்ணால் வாயிலிருந்த ஸ்பூனை முறைத்துக்கொண்டு, இடது கையால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அக்காவின் இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. வாய் திறக்க முடிந்த அளவுக்குத் திறந்திருந்தது. உடம்பு வில்லாக வளைந்திருந்தது.

"இதுல யாருக்கு வலிப்பு?" என்றாள் நர்ஸ்.

அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்க கண்ண மூடிட்டிருந்தீங்களே. என்னத்தப் பார்த்தீங்க?"

"கூடப் பொறந்தவளுக்குப் பார்க்கணுமா? தெரியாதா?" என்றாள் அக்கா. ஆனால் குரல் ஐம்பத்திரண்டுக்குக் கீழே இருந்தது.

நர்ஸ் வரியை அடித்துவிட்டு எழுதினாள். வலிப்பு: இல்லை. எண்ணிக்கை நாற்பத்தொன்று வரை கேட்கிறது; நடுவில் மூன்று விநாடி வாயில் ஸ்பூன், படம் உள்ளது. பிறகு அக்காவின் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள். அக்காவைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். என் மணிக்கட்டில் ஒரு சாம்பல் நிறப் பட்டை கட்டினாள். முதலுதவி அறைக்கு வந்தவர்கள் அன்றைக்கு எதிலும் ஏறக் கூடாதாம்.

"குட்டி ரயில்லகூடவா?"

"எதுலயும்."

ஆறு மணிக்குக் கிளம்பினோம். குட்டி ரயில் விசில் ஊதிக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

காரில் அக்கா முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால். ஒரு மணி நேரம் போயிருக்கும். புறவழிச் சாலையில் கார் வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை தொட்டது. கண்ணாடியில் மாமாவைப் பார்த்தேன். இமை இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது.

"மாமா, எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"எழுந்தேனா? ராத்திரி பன்னண்டுக்குப் படுத்தேன். மூணே முக்காலுக்கு..." மீதியை முடிக்கவில்லை.

"அடுத்த பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க."

"ஒண்ணுமில்ல மாப்ளே. வீடு நாப்பது நிமிஷம்."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

நிறுத்தினார். அக்காவும் லைசென்ஸ் உள்ளவள்தான். ரத்த அழுத்தத்துக்கு நர்ஸ் மருந்து கொடுத்து அனுப்பியிருந்ததால் அவள் வண்டி ஓட்டக் கூடாது. அந்தக் காரில் எட்டு மணி நேரம் தூங்கிய ஒரே ஆள், வேளைக்கு மாத்திரை போட்ட ஒரே ஆள், பின் சீட்டில் இருந்தான்.

மாமா சீட்டைச் சாய்த்ததும் தூங்கிவிட்டார். மடியில் மீட்டர். அணைக்க மறந்திருந்தார். குறட்டைக்கு எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை நாளு?" என்றாள் அக்கா, திரும்பாமல்.

"முப்பத்து நாலு. இன்னைக்கு முடிஞ்சா முப்பத்து மூணு."

"அப்புறம் போயிடுவே."

"ஆமா."

அக்கா கைப்பையைத் திறந்தாள். ஸ்பூனை எடுத்துப் பார்த்தாள். மறுபடி உள்ளே போட்டுக்கொண்டாள். அவளும் தூங்கிவிட்டாள்.

எட்டு மணிக்குப் போனில் மாத்திரை அலாரம் அடித்தது. அணைத்தேன். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு முன் சீட்டுப் பக்கம் எட்டி வண்டிச் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், மாமா பாதித் தூக்கத்தில் கிளப்பிவிடக் கூடாது என்று. முன் கண்ணாடி வழியே பங்கின் காலியான பார்க்கிங் தெரிந்தது. பழக்கமான வேலைதான். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.